இழுத்துக் கட்டக் கூடாத பெல்ட்: மாட்யூலர் பிளாஸ்டிக் கன்வேயரை மாட்டுவதும் பராமரிப்பதும்

ரப்பர் பெல்ட்டும் பி.வி.சி. பெல்ட்டும் மாட்டிப் பழகிய ஃபிட்டருக்கு, பெல்ட்டைக் கோத்து முடித்ததும் கை தானாக ஸ்பேனரைத் தேடும். பெல்ட்டை இறுக்கும் டேக்அப் போல்ட்டை இரண்டு பக்கமும் முறுக்கி, கீழ்ப்பக்கம் தொய்வில்லாமல் விறைத்து நின்றால்தான் வேலை முடிந்த திருப்தி. மாட்யூலர் பிளாஸ்டிக் பெல்ட்டைச் சீக்கிரம் கெடுப்பது இந்தப் பழக்கம்தான். ரப்பர் பெல்ட் டிரம்மின் மேல் உராய்வால் ஓடுகிறது. இழுவை போதாவிட்டால் டிரம் மட்டும் சுற்றும், பெல்ட் நிற்கும். மாட்யூலர் பெல்ட்டை ஓட்டுவது ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தின் பல். பல் சரியாகப் பிடித்திருக்கும்வரை வழுக்குவதற்கு இடமே இல்லை. அதனால் இதைத் தொங்க விட வேண்டும். எங்கே, எவ்வளவு தொங்க விடுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய், நாமக்கல் முட்டை, பல்லடத்துக் கறிக்கோழி, சேலத்து ஜவ்வரிசி, ஈரோட்டு மஞ்சள் என்று ஒவ்வொரு சரக்கும் பெல்ட்டை ஒவ்வொரு விதமாகப் படுத்தும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

பெல்ட்டில் இருப்பது என்ன

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லூசியானாவில், இறால் பதப்படுத்தும் இயந்திரங்களை ஒட்டிப் பிறந்த பெல்ட் இது. அச்சில் வார்த்த சிறு பிளாஸ்டிக் தட்டுகள்தான் மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலின் முன்னும் பின்னும் துளையுள்ள காதுகள் இருக்கும். ஒரு வரிசையின் காதுகளை அடுத்த வரிசையின் காதுகளுக்கு இடையில் நுழைத்து, குறுக்கே ஒரு பிளாஸ்டிக் ராடைச் செருகினால் கீல் தயார். செங்கல் சுவரில் போலவே, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசை மாட்யூலின் நடுவில் வர வேண்டும். இணைப்புகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் பெல்ட் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

ஒரு ராடின் மையத்திலிருந்து அடுத்த ராடின் மையம் வரை உள்ள தூரம் பிட்ச். 12.7, 25.4, 50.8 மி.மீ. அதிகம் புழங்குபவை. அதாவது அரை, ஒன்று, இரண்டு அங்குலம். இவை இல்லாத பிட்ச்களும் உண்டு. ஒரு கம்பெனியின் ஒரு அங்குல மாட்யூல் இன்னொரு கம்பெனியின் ஒரு அங்குல மாட்யூலோடு சேரும் என்று நம்பி வாங்காதீர்கள். காதின் அகலமும் ராடின் விட்டமும் பல் பிடிக்கும் குழியும் மாறும்.

பெல்ட் ஸ்ப்ராக்கெட்டில் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாக மடங்குகிறது. அதனால் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றினாலும் பெல்ட்டின் வேகம் ஏறி இறங்கும். 6 பல் ஸ்ப்ராக்கெட்டில் இந்த ஏற்ற இறக்கம் 13 சதவீதத்துக்கு மேல். 12 பல்லில் 3.4 சதவீதம், 18 பல்லில் 1.5 சதவீதம். முட்டை, கண்ணாடி பாட்டில், அடுக்கி வைத்த தட்டு போன்ற ஆடக் கூடாத சரக்குக்குப் பல் எண்ணிக்கை கூடிய பெரிய ஸ்ப்ராக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கிழங்கோ மட்டை உரித்த தேங்காயோ ஆடினால் ஒன்றும் குடி முழுகாது.

எந்தப் பிளாஸ்டிக்

விலையையும் சூட்டையும் பார்த்தால் பெரும்பாலான வேலைக்குப் பாலிபுரோப்பிலீன் போதும். ஏறக்குறைய 1 டிகிரியிலிருந்து 104 டிகிரி வரை தாங்கும். அமிலம், காரம், சோப்புத் தண்ணீர் எதுவும் பெரிதாக ஒன்றும் செய்யாது. குளிரில்தான் இதன் பலவீனம். குளிர்பதன அறையில் ஒரு அடி விழுந்தாலே விரிசல் விடும். கறிக்கோழி, ஐஸ், உறைந்த சரக்கு என்றால் பாலி எத்திலீன். மைனஸ் 70 வரை இறங்கலாம், ஆனால் 65 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பாரமும் குறைவாகத்தான் தாங்கும். அசிட்டால் உறுதியானது, வழுவழுப்பானது, மைனஸ் 40 முதல் 90 வரை தாங்கும், விலை கூடுதல். கடும் குளோரினும் அமிலமும் அதற்கு ஆகாது. நைலான் மணலையும் உராய்வையும் தாங்கும். ஈரத்தில் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால் உலர்ந்த இடத்துக்கு மட்டும்.

திறந்தவெளிக் களத்தில் ஓடும் பெல்ட்டுக்கு வெயில்தான் எமன். சாதாரண பாலிபுரோப்பிலீன் வெயிலில் வெளுத்து, மொறமொறத்து, ஒரு நாள் கையாலேயே ஒடிக்கும்படி ஆகிவிடும். புற ஊதாக் கதிர் தாங்கும் ரகம் கேளுங்கள், இல்லையேல் மேலே ஷீட் போடுங்கள்.

உணவு ஆலைகளில் நீல நிறப் பெல்ட் அதிகம் இருப்பது அழகுக்காக அல்ல. நீல நிறத்தில் உணவுப்பொருள் அரிது என்பதால், உடைந்த துண்டு சரக்கில் விழுந்தால் கண்ணில் படும். வெள்ளைப் பெல்ட்டில் மஞ்சள் ஓடினால் கறை ஏறி, போகவே போகாது. அது கறைதான், கேடு அல்ல.

ஃபிரேமைச் சரி பார்த்த பிறகுதான் பெல்ட்

பெல்ட் பெட்டியைப் பிரிக்கும் முன் ஃபிரேமுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நான்கு மூலைகளுக்கும் குறுக்காக மூலைவிட்டம் அளந்து பாருங்கள். 3 மீட்டர் ஃபிரேமில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி நேராக்குங்கள். இரண்டு ஷாஃப்ட்டும் ரசமட்டத்துக்கு நிற்க வேண்டும், ஒன்றுக்கொன்று இணையாகவும் பெல்ட் ஓடும் திசைக்குச் செங்குத்தாகவும் இருக்க வேண்டும். ரப்பர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் டேக்அப்பை ஒரு பக்கம் திருகித் திருப்பிவிடலாம். இங்கே அந்த வித்தை பலிக்காது. கோணலைப் பெல்ட் தன் விளிம்பைத் தேய்த்துத்தான் சரிக்கட்டும்.

பெல்ட் சறுக்கி ஓடும் பட்டைகளை வியர் ஸ்ட்ரிப் என்பார்கள். உயர் மூலக்கூறு எடைப் பாலி எத்திலீன் பட்டைதான் வழக்கம். சரக்கு ஏறும் மேல்தளத்தில் 150 மி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் நீளவாக்கில் போடலாம். பாரம் கூடுதலான இடத்தில் வி வடிவில் சாய்த்துப் போட்டால் பெல்ட்டின் அடிப்பக்கம் முழு அகலத்துக்கும் ஒரே சீராகத் தேயும். புதியவர்கள் தவறவிடுவது பட்டையின் விரிவை. 3 மீட்டர் பட்டை 20 டிகிரி சூடேறினால் 10 மி.மீ.க்கு மேல் நீளும். இரண்டு முனையையும் போல்ட் போட்டு இறுக்கினால் சித்திரை மாதத்தில் நடுவில் மேடு கட்டி நிற்கும். பெல்ட் வந்து ஏறும் முனையை மட்டும் இறுக்கி, மற்ற துளைகளை நீள்துளையாக விடுங்கள். அந்த ஏறும் முனையைக் கீழ்நோக்கிச் சரித்துச் சீவுங்கள். இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் சாய்வாக வெட்டி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளின் இணைப்புகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. போல்ட் தலை பட்டைக்குள் நன்றாகப் புதைந்திருக்கட்டும்.

பெல்ட் விளிம்புக்கும் ஃபிரேமுக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ., பட்டறைக் கணக்கில் இரண்டு நூல். இந்த இடைவெளி ஓடும் சூட்டில் இருக்க வேண்டியது. பாலிபுரோப்பிலீன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.12 மி.மீ. விரியும், சூடு கூடினால் 0.15 வரை போகும். இரும்பு அதில் பத்தில் ஒரு பங்குகூட விரியாது. 30 டிகிரியில் மாட்டிய ஒரு மீட்டர் அகலப் பெல்ட், வெந்நீர்த் தொட்டியிலிருந்து வரும் தேங்காய்ப் பருப்பைச் சுமந்து 90 டிகிரிக்குப் போனால் அகலத்தில் 7 முதல் 9 மி.மீ. கூடும். மாட்டும்போது இரண்டு நூல் பார்த்து விட்டிருந்தால், ஓடும்போது பக்கத்துக்கு 2 மி.மீ. மிஞ்சினால் பெரிது.

ஷாஃப்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும்

மோட்டார் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட் சதுரமாக இருக்கும். 25, 40, 60 மி.மீ. வழக்கமான அளவுகள். சதுரத்துக்கு, சக்கரம் ஷாஃப்ட்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவிக் கட்டை (கீ) தேவையில்லை, ஸ்ப்ராக்கெட்டும் பக்கவாட்டில் நகர முடியும். அந்த நகர்வுதான் இங்கே முக்கியம். ஸ்ப்ராக்கெட்டுகளை ஒற்றைப்படை எண்ணிக்கையில் போட்டு, நடுவில் உள்ளதை மட்டும் இரண்டு பக்கமும் ரிடெய்னர் ரிங் வைத்துப் பூட்டுங்கள். மற்றவை ஷாஃப்ட்டின் மேல் தாராளமாக நகரட்டும். பெல்ட் சூட்டில் அகலமாகும்போது ஓரத்து ஸ்ப்ராக்கெட்டுகள் அதோடு நகர்ந்து போகும். "ஆடுதுங்களே" என்று எல்லாவற்றையும் பூட்டிவிட்டால், ஓரத்துப் பல்லெல்லாம் குழிச் சுவரில் ஏறி மாட்யூலை உடைக்கும். பூட்டிய அந்த நடு ஸ்ப்ராக்கெட்தான் பெல்ட்டை நேராகவும் ஓட்டுகிறது. மோட்டார் இல்லாத மறுமுனையான வால் முனை ஷாஃப்ட்டிலும் இதே விதி.

ஸ்ப்ராக்கெட்டுகளுக்கு இடையே 150 மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். பாரம் கூடுதலானால் 100 மி.மீ. எல்லா ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பல கம்பெனிகள் ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்தில் ஒரு குறி போட்டிருக்கும். எல்லாக் குறியும் சதுரத்தின் ஒரே முகத்தில் வரும்படி ஏற்றுங்கள். பல் எண்ணிக்கை நான்கால் வகுபடாத ஸ்ப்ராக்கெட்டை ஒரு முகம் மாற்றிப் போட்டால் பல் பாதி பிட்ச் அளவுக்குக் கூடத் தள்ளிவிடும்.

பெல்ட்டைக் கோப்பது

முதலில் மெயினை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். சாவி வேலை செய்பவர் பையில் இருக்கட்டும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: பெல்ட் இல்லாமல் மோட்டாரை ஒரு நொடி தட்டிச் சுற்றும் திசையைப் பாருங்கள். டிரைவ், சரக்கு இறங்கும் முனையில் இருந்து மேல்தளத்தை இழுக்க வேண்டும். திசை மாறிச் சுற்றினால் டிரைவ் பெல்ட்டைத் தள்ளும், மேல்தளத்தில் பெல்ட் மடிந்து குவியும். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிலும் இது நடக்கும். இ.பி. லைன் வேலைக்குப் பிறகோ, ஜெனரேட்டருக்கு மாற்றும்போதோ மூன்று ஃபேஸின் வரிசை மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். ஃபேஸ் வரிசை பார்க்கும் ரிலே ஒன்று பேனலில் போட்டுவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

டேக்அப் இருந்தால் முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள். பெல்ட் சுருளை டிரைவ் முனையில் வைத்து, பல் பிடிக்கும் பக்கம் கீழே வரும்படி, மேல்தளத்தின் வழியாக வால் முனைக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். அகலமான பெல்ட்டுக்கு முனையில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுக்கலாம். வால் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி, கீழ்ப்பக்க ரோலர்களின் மேல் படுக்க வைத்து, மறுபடி டிரைவ் முனைக்குக் கொண்டு வாருங்கள். மேல்முனையை ஸ்ப்ராக்கெட் பல்லின் மேல் இரண்டு மூன்று வரிசை படிய வைத்தால் பல் அதைப் பிடித்துக்கொள்ளும். கீழ்முனையை அதோடு சேர்த்துக் காதுகளை ஒன்றுக்குள் ஒன்று நுழையுங்கள்.

ராடு கையால் தள்ளியே போக வேண்டும். பாதியில் முட்டினால் காதுகள் கோடு சேரவில்லை என்று பொருள். சுத்தியலை எடுக்காதீர்கள், அடித்தால் ராடின் முனை காளான் மாதிரி விரிந்து துளையைக் கிழிக்கும். கூராக்கிய பழைய ராடு ஒன்றை எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டுத் துளைகளைக் கோடு சேர்த்த பிறகு புது ராடைத் தள்ளுங்கள், பழையது தானாக வெளியே வரும். ராடின் நீளம் பெல்ட் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வெட்ட வேண்டி வந்தால் ஹாக்ஸா பிளேடால் வெட்டி முனையைத் தேய்த்து மழுக்குங்கள். கடைசியாக ஓரத்துப் பூட்டை மூடுங்கள். சில ரகத்தில் அது நகரும் தாழ், சில ரகத்தில் ராடின் தலையே 'டக்' என்று உட்காரும். சத்தம் கேட்காவிட்டால் உட்காரவில்லை. ஒரு முறை கழற்றிய ராடை மறுபடி போடுவது வேண்டாம்.

தொங்கல்: எங்கே, எவ்வளவு

டிரைவ் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக் கீழிறங்கும் பெல்ட்டில், முதல் ரோலரை ஷாஃப்ட்டிலிருந்து 230 முதல் 460 மி.மீ. தூரத்துக்குள் வையுங்கள். பெல்ட் ஸ்ப்ராக்கெட்டை 180 முதல் 210 டிகிரி வரை அணைத்திருக்க வேண்டும். அதற்கடுத்த ரோலர் 900 முதல் 1200 மி.மீ. தள்ளி. இந்தப் பெரிய இடைவெளியில்தான் தொங்கல் இருக்க வேண்டும். 25 மி.மீ.க்குக் குறையவும் கூடாது, 125 மி.மீ.க்கு மேல் போகவும் கூடாது. மற்ற ரோலர்களும் 900 முதல் 1200 மி.மீ. இடைவெளியில் இருக்கலாம், ஆனால் இந்தத் தொங்கல் இடைவெளியே எல்லாவற்றிலும் பெரிதாக இருப்பது நல்லது, கூடுதல் நீளம் அங்கே போய்ச் சேரும். ஒரு அங்குல பிட்ச்சுக்கு ரோலர் விட்டம் 50 மி.மீ., இரண்டு அங்குலத்துக்கு 100 மி.மீ. குறையாமல். இரண்டு மீட்டருக்கும் குட்டையான கன்வேயருக்குக் கீழே ரோலரே தேவைப்படாது.

தொங்கல் என்ன செய்கிறது? தன் எடையாலேயே பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, ஸ்ப்ராக்கெட்டை விட்டு இறங்கும் பல்லைக் குழியோடு பிடித்து வைக்கிறது. 600 மி.மீ. அகலப் பெல்ட் ஒன்று மீட்டருக்கு 3 கிலோ இருப்பதாக வையுங்கள். 900 மி.மீ. இடைவெளியில் 75 மி.மீ. தொங்கினால் அது தரும் இழுவை வெறும் 4 கிலோ. அவ்வளவு போதும். டேக்அப் போல்ட்டை ஸ்பேனரால் முறுக்கினால் நூற்றுக்கணக்கான கிலோ வந்துவிடும். அந்த இழுவை முழுக்க ராடின் மேலும் காதின் துளையின் மேலும் பேரிங்கின் மேலும் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கும். சரக்கு ஏறுவதற்கு முன்பே பெல்ட் உழைக்க ஆரம்பித்துவிடுகிறது.

சரக்கின் பாரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே பெல்ட் சதுர மீட்டருக்கு 5 கிலோ, சரக்கு 20 கிலோ, நீளம் 6 மீட்டர், உராய்வு 0.15. சரக்கோடு பெல்ட்டின் எடையை இரண்டு மடங்காகக் கூட்டி, உராய்வாலும் நீளத்தாலும் பெருக்கினால் மீட்டர் அகலத்துக்கு 27 கிலோ இழுவை. ஒரு அங்குல பிட்ச் பாலிபுரோப்பிலீன் பெல்ட்டுகளில் பல, மீட்டர் அகலத்துக்கு ஆயிரம் கிலோ அளவில் தாங்கக்கூடியவை. பெல்ட் அறுந்தது என்றால் சரக்கின் பாரத்தால் அறுந்திருக்காது. எங்கோ சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.

வெயிலின் பங்கு இது. 10 மீட்டர் கன்வேயரில் பெல்ட்டின் மொத்த நீளம் 20 மீட்டருக்குக் குறையாது. கோயமுத்தூரில் மார்கழி அதிகாலை 20 டிகிரி, அதே கொட்டகையில் சித்திரைப் பிற்பகல் தகர ஷீட்டுக்குக் கீழே 40 டிகிரி. 20 டிகிரி வித்தியாசத்துக்கு 20 மீட்டர் பெல்ட் 48 மி.மீ. நீளும். ஏறக்குறைய இரண்டு வரிசை மாட்யூல். அது முழுக்க ஒரே 900 மி.மீ. இடைவெளிக்கு வந்தால் 50 மி.மீ. தொங்கல் 135க்குப் போகும். மற்ற இடைவெளிகளும் பங்கு போட்டுக்கொள்வதால் அவ்வளவு வராது. மார்கழியில் 50 மி.மீ. தொங்கவிட்டால் சித்திரையிலும் எல்லைக்குள் நிற்கும். சித்திரையில் மாட்டுகிறவர்கள் 100 மி.மீ. பக்கமாக விடுங்கள், 30 வைத்துவிட்டால் குளிர்ந்த காலையில் பெல்ட் கம்பியாக நிற்கும்.

வெயில் நாளில் ஆப்பரேட்டர் வந்து, "கீழ தொங்குதுங்க, ஒரு சுத்து டைட் வெச்சுட்டனுங்க" என்பார். அக்கறையில் செய்வதுதான். டேக்அப் போல்ட்டின் தலைக்குப் பெயின்ட் குறி போட்டு, தொங்கலின் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் ஃபிரேமில் இரண்டு கோடு போட்டு வைத்தால் வாய்ப்பேச்சுக்கு வேலை இல்லை. கோட்டுக்குக் கீழே போனால் ஒரு வரிசையைக் கழற்றுங்கள். 900 மி.மீ. இடைவெளியில் ஒரு வரிசையின் 25.4 மி.மீ. நீளம் என்பது தொங்கலில் 93 மி.மீ. வரை; ஆகவே ஒவ்வொரு வரிசையாகத்தான் கழற்ற வேண்டும்.

முதல் ஓட்டம்

சரக்கு இல்லாமல் மெதுவாக ஓட விடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு விளிம்பையும், அடுத்த சுற்றுக்கு டிரைவ் ஸ்ப்ராக்கெட்டின் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள். பெல்ட் பல்லை விட்டு இறங்கும்போது ஒட்டிக்கொண்டு மேலே போகக் கூடாது. ஒரே சீரான உறுமல் நல்லது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'கடக்' என்றால் ஒரு மாட்யூலோ ராடோ சரியில்லை. வினாடிக்குப் பல தடவை என்றால் ஸ்ப்ராக்கெட்டில் கோளாறு. நிமிடத்துக்கு 15 மீட்டருக்கு மேல் ஓடும் பெல்ட்டை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கிளப்பாதீர்கள், மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யில் சில வினாடி ஏற்றம் வையுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே கை போகும் இடமெல்லாம் காப்புத் தகடு கட்டாயம். தோள் துண்டும் முந்தானையும் சுற்றிக்கொள்ளும் இடம் அது.

வளைந்து போகும் பெல்ட் வேறு கதை. உட்பக்க வளைவின் ஆரம் பல ரகங்களில் பெல்ட் அகலத்தைப் போல் 2.2 மடங்காவது வேண்டும், டிரைவுக்கு முன் நேர்ப்பகுதியும் வேண்டும். முதல் வேலையாக அதை எடுக்காதீர்கள்.

கழுவுவது

எதைக் கழுவினாலும் வெந்நீர்தான் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் கவனிக்கவும். ஜவ்வரிசி ஆலையில் பெல்ட்டின் கீல்களில் மரவள்ளி மாவு அடைந்திருக்கும். அதன் மேல் 60, 70 டிகிரி வெந்நீர் விழுந்தால் மாவு வெந்து கஞ்சியாகி, காய்ந்ததும் பசை போட்டது போல இறுகும். கீல் மடங்காது, பெல்ட் ஸ்ப்ராக்கெட்டில் படியாமல் தாவும். மாவைப் பச்சைத் தண்ணீரில்தான் முதலில் அடிக்க வேண்டும், அதுவும் காய்வதற்குள். உடைந்த முட்டையும் அப்படியே. 60 டிகிரிக்கு மேல் போனால் வெந்து ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு சோப்பு நுரை, பிறகு அலசல், கடைசியில் கிருமிநாசினி.

பெல்ட்டை மெதுவாக ஓட விட்டுத் தண்ணீரை அடிப்பக்கத்திலிருந்து, ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் இடத்தில் அடியுங்கள். அங்கே கீல் விரிந்து கொடுக்கும், உள்ளே இருப்பது வெளியே வரும். கன்வேயர் ஓடும்போது கையை உள்ளே விட்டுத் துடைப்பது கூடவே கூடாது. குளோரினைக் கேனில் எழுதிய அளவுக்கு மேல் ஊற்றினால் அசிட்டால் வெளுத்து நொறுங்கும். போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவும் ஆலைகளில் கீலுக்குள் வெள்ளையாக உப்புப் படியும். நீர்த்த சிட்ரிக் அமிலம் பாலிபுரோப்பிலீனுக்குப் பாதகம் இல்லை. ஊறவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

கீலுக்கு எண்ணெயோ கிரீஸோ விடாதீர்கள். கொப்பரைத் தூளும் மஞ்சளில் வரும் மண்ணும் கிரீஸோடு சேர்ந்தால் உலோகத்தைத் தேய்க்கும் எமரிப் பசைதான், ராடை அரைத்துவிடும். பேரிங்குக்கு மட்டும் கிரீஸ். இன்னொன்று: ஃபிரேமில் வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் பெல்ட்டைக் கழற்றுங்கள், ஈரச் சாக்கு போர்த்துவது போதாது. இந்தப் பிளாஸ்டிக்குகள் எரியும். அசிட்டாலின் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, புகையும் நச்சு.

கோளாறை வைத்துக் காரணம் பிடிப்பது

பெல்ட் பல்லில் தாவினால் முதலில் தொங்கலைப் பாருங்கள். தொங்கவே இல்லை என்றாலும் தாவும், தொங்கி தரையிலோ குறுக்குச் சட்டத்திலோ படுத்துவிட்டாலும் தாவும். படுத்த பெல்ட்டின் எடை ஸ்ப்ராக்கெட்டுக்கு வருவதில்லை. இரண்டும் சரியாக இருந்தால் பிட்ச் நீண்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்தால் ஷாஃப்ட்டோ ரோலரோ கோணல், அல்லது நடு ஸ்ப்ராக்கெட்டின் ரிடெய்னர் ரிங் கழன்று போயிருக்கிறது. பின்னது அடிக்கடி நடப்பது, இரண்டு நிமிட வேலையும்கூட. ராடு வெளியே நீட்டிக்கொண்டு வந்தால் திரும்ப உள்ளே தள்ளி ஓட்டாதீர்கள். ஃபிரேமில் மாட்டினால் பல வரிசைகளை ஒரே இழுப்பில் கிழித்துவிடும். பூட்டு ஏன் திறந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓரத்து மாட்யூல் எங்கோ உரசியிருக்கும். நீளமான பெல்ட் மெதுவாக ஓடும்போது விட்டு விட்டு இழுத்தால் வியர் ஸ்ட்ரிப்பில் அழுக்கு ஏறியிருக்கிறது.

கீழே விழும் தூளும் பேசும். பெல்ட்டின் நிறத்தில் தூள் விழுந்தால் பெல்ட் தேய்கிறது, வெள்ளையாக விழுந்தால் வியர் ஸ்ட்ரிப் தேய்கிறது. கருப்புத் தூளாக இருந்தால் பெல்ட் எங்கோ உலோகத்தில் உரசுகிறது.

நீட்சியை அளப்பது, உதிரி வைப்பது

பிளாஸ்டிக் இழுபட்டு நீள்வதைவிட, ராடும் துளையும் தேய்ந்து பிட்ச் கூடுவதே அதிகம். மாதம் ஒரு முறை கன்வேயரை நிறுத்தி, பெல்ட் விறைப்பாக இருக்கும் மேல்தளத்தில், டிரைவுக்கு அருகே 40 பிட்ச் அளந்து எழுதுங்கள். ஒரு அங்குல பெல்ட் புதிதாக இருக்கும்போது 1016 மி.மீ. வரும். 1046 வந்தால் 3 சதவீதம் நீண்டுவிட்டது, மாற்றும் நேரம். ஒரே ஒரு பிட்ச்சை அளந்தால் முக்கால் மி.மீ. வித்தியாசம் டேப்பில் பிடிபடாது, அதனால்தான் 40. ராடு மட்டும் தேய்ந்து துளை வட்டமாகவே இருந்தால் ராடுகளை மட்டும் மாற்றி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். துளை முட்டை வடிவமாகிவிட்டால் பெல்ட்டே மாற வேண்டும்.

புதுப் பெல்ட்டைத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் ஏற்றாதீர்கள். கொக்கி மாதிரி ஆன பல் புதுக் குழியையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். பல்லின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், இரு திசைக்கும் பொதுவான ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பிப் போட்டு ஒரு முறை மிச்சம் பிடிக்கலாம்.

உடைந்த மாட்யூலை மாற்ற அந்த வரிசையின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு ராடுகளையும் உருவி, அதே அகலமுள்ள மாட்யூலை அதே இடத்தில் வையுங்கள். கையில் இருக்கும் குட்டை மாட்யூல்களை ஒட்டுப் போட்டு நிரப்பினால் செங்கல் வரிசை கெட்டுவிடும். ஓரத்து மாட்யூலில் இடது வலது பேதம் உண்டு.

அலமாரியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு அதே பெல்ட், இருபது ராடு, ஒரு செட் ஸ்ப்ராக்கெட், நாலைந்து ரிடெய்னர் ரிங் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவு உடைந்தாலும் திங்கள் காலை ஷிஃப்ட் ஓடும். ஆர்டர் கொடுக்கும் முன் மாட்யூலின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பெயரும் வரிசை எண்ணும் வார்ப்பிலேயே இருக்கும். அதைப் போட்டோ எடுத்து, பிட்ச், அகலம், பிளாஸ்டிக்கின் வகை, நிறம், மேற்பரப்பு, ராடின் விட்டம், ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை, சதுரத் துளையின் அளவு எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். அகலத்தைப் புதுப் பெல்ட்டில் அளந்து குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. தேய்ந்த விளிம்பை அளந்து அனுப்பினால் குறைந்த அகலத்தில்தான் வந்து சேரும்.